கைத்தட்டல் எந்தப் பக்கம்? மொட்டை மாடியில் ஒரு சோதனை

என் அத்தைக்கு வலது காது நன்றாகக் கேட்கும், இடது காது ரொம்ப மந்தம். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் "என்னடா?" என்று உடனே கேட்பார். திரும்பிப் பார்ப்பது மட்டும் வாசல் பக்கம். கேட்பது வேறு, சத்தம் வரும் திசையைச் சொல்வது வேறு. இடப்பக்கச் சத்தம் வலது காதுக்குப் போய்ச் சேர அதிகபட்சம் ஏறத்தாழ 0.7 மில்லிசெகண்ட் தாமதமாகும். நடுவில் தலை மறைப்பதால் அங்கே கொஞ்சம் மெல்லியதாகவும் கேட்கும். இந்த இரண்டு வித்தியாசங்களை வைத்துத்தான் மூளை இடமா வலமா என்று கணிக்கிறது.

படி 1. அறைக்குள் வேண்டாம், சுவரில் எதிரொலிக்கும். மாடியின் நடுவில் நாற்காலி போட்டு, சோதிக்க வேண்டியவரை உட்கார வையுங்கள். அவரிடமிருந்து 1 மீட்டர் தூரத்தில் முன்பக்க அரைவட்டமாக 5 இடங்களைச் சாக்பீஸால் குறியுங்கள்: இடது கோடி, இடது மூலை, நேர் எதிரே, வலது மூலை, வலது கோடி. பின்பக்கம் இப்போது வேண்டாம். முன்னா பின்னா என்பதில் நல்ல காதுக்காரர்களே தடுமாறுவார்கள்.

படி 2. கண்ணைத் துணியால் கட்டுங்கள், காதை மறைக்காமல். தலையை அசைக்கக் கூடாது. அவர் காது உயரத்தில் ஒரே ஒரு கைத்தட்டல். டம்ளரைத் தட்டினால் ரீங்காரம் நீளும், அதற்குள் தலை திரும்பிவிடும்.

படி 3. இடத்துக்கு 4 என மொத்தம் 20 தட்டல். வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். முதல் நாள் நான் வரிசையாகச் சுற்றினேன். அத்தை அதைப் பிடித்துக்கொண்டு இருபதுக்கு இருபது வாங்கிவிட்டார்!

படி 4. இதுதான் முக்கியம். ஒரு தட்டல் பலமாக, அடுத்தது மெதுவாக என்று மாற்றிக்கொண்டே இருங்கள். ஆனால் ஒவ்வொன்றும் அவருக்குக் கேட்க வேண்டும். ஒற்றைக் காதுக்காரர்கள் "பலமாகக் கேட்டால் நல்ல காதுப் பக்கம்" என்று கணக்குப் போடுவார்கள். ஒரே அளவில் தட்டியபோது அத்தைக்கு 13 சரி. அளவை மாற்றியதும் 6. பரிசோதனைக்கூடங்களிலும் இதற்காகவே ஸ்பீக்கர் சத்தத்தை ஏற்றி இறக்குவார்கள்.

படி 5. மதிப்பெண். சரியென்றால் 0, ஓர் இடம் தள்ளிச் சொன்னால் 45 டிகிரி, இரண்டு என்றால் 90. எல்லாவற்றையும் கூட்டி 20-ஆல் வகுங்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னாலே 4 சரியாகிவிடும், சராசரிப் பிழை 72-ஐ ஒட்டி வரும். காது மெஷின் இருந்தால் போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை செய்து, இரண்டு தாளையும் ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) காட்டுங்கள்.

அப்புறம், ஒரு காது திடீரென்று கேட்காமல் போயிருந்தால் மாடிக்கெல்லாம் போக வேண்டாம். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.