தைராய்டு அறுவையில் நீலச் சாயத்தைக் கையாளும் முறை

தைராய்டை அகற்றும்போது சேதமின்றிக் காக்க வேண்டியவை இரண்டு: குரல் நாண்களை இயக்கும் மீள் குரல்வளை நரம்பு, சுரப்பியின் பின்புறம் ஒட்டியிருந்து இரத்தக் கால்சியத்தைச் சீராக்கும் சிறு சுரப்பிகளான பாராதைராய்டுகள். பெரும்பாலானோருக்கு நான்காக இருக்கும் பாராதைராய்டுகள் துவரம்பருப்பு அளவினவே. இவற்றின் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் அருகிலுள்ள கொழுப்போடு கலந்து, பழகிய கண்ணையும் ஏமாற்றிவிடும். மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் உதவுவது இந்த இடத்தில்தான்.

முதலில் தைராய்டு மடலை (சுரப்பியின் ஒரு பக்கப் பாதியை) வெளிப்படுத்தி, நடுத் தைராய்டு சிரையைக் கட்டி, மடலை உள்நோக்கித் திருப்பிக்கொள்ள வேண்டும். இரத்தக் கசிவு முழுமையாக நிற்கும் முன் சாயத்தைத் தொடக்கூடாது. இரத்தமும் நீலமும் கலந்தால் எல்லாமே கறுத்துப்போகும். களம் சுத்தமானதும், ஏறத்தாழ 0.5 மி.லி. சாயத்தை மடலின் மீதும் சுற்றுப்புறத்திலும் மெல்லத் தெளித்துவிட்டு, துணியால் தேய்க்காமல் காத்திருக்க வேண்டும்.

சாயம் நாம் தேடுவதை நிறமேற்றிக் காட்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள், ஏனெனில் இங்கே அடையாளம் நிறம் ஏறுவதில் அன்று, வெளுப்பதில் இருக்கிறது. பாராதைராய்டுகள் 3 நிமிடங்களுக்குள் நீலத்தை உதறி இயல்பு நிறத்துக்குத் திரும்பிவிடும். தைராய்டுக்கு 15 நிமிடங்களாவது பிடிக்கும். தசையும் கொழுப்பும் அதற்கும் மேலாகத் தாமதிக்கும். நரம்பும் தமனியும் சாயத்தை ஏற்காமல், நீலப் பரப்பின் நடுவே வெள்ளை இழைகளாகத் தெரியும். எனவே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிப்பது நல்லது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் தெளிப்பது என் பார்வையில் தவறு. முதல் பக்கத்தில் வேலை முடிவதற்குள் மறுபக்கத்தின் அந்த 3 நிமிடங்கள் கைநழுவிவிடும்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நரம்பு ஆகிவிடாது. துடிப்பு இருந்தால் அது தமனி; ஐயம் தீராவிட்டால் நரம்புத் தூண்டியால் உறுதிசெய்ய வேண்டும். அதன்பின் சுரப்பி உறையை ஒட்டியே பிரித்து, பாராதைராய்டுக்குச் செல்லும் கீழ்த் தைராய்டு தமனியின் கிளைகளை விட்டுவைக்க வேண்டும்.

இதே சாயத்தைச் சிரை வழியாகச் செலுத்தும் பழைய முறைக்கு இன்று எச்சரிக்கை மிகத் தேவை. மனச்சோர்வுக்கான செரட்டோனின் சார்ந்த மருந்துகளை உட்கொள்வோருக்கு இது ஆபத்தான செரட்டோனின் நச்சை உண்டாக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2011இல் எச்சரித்தது. சிவப்பணுக்களைக் காக்கும் நொதியான ஜி6பிடி குறைபாடாக உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் சிதையும் அபாயம் உண்டு. தெளிக்கும்போதும் இவ்விரண்டையும் முன்கூட்டியே கேட்டறிவதே முறை.

மடலை எடுத்த பின், எஞ்சிய பாராதைராய்டுக்கு இரத்த ஓட்டம் இருக்கிறதா என்பதை மெத்திலீன் புளூவால் சொல்ல இயலாது. அதற்கு அகச்சிவப்பில் ஒளிரும் சாயமான இண்டோசயனின் கிரீனைச் சிரையில் செலுத்தி அகச்சிவப்புக் கேமராவில் பார்க்க வேண்டும். ஆனால் அதில் அயோடைடு கலந்திருப்பதால் ஒவ்வாமை வரலாற்றை விசாரிக்காமல் கொடுக்கக்கூடாது. ஒளிராமல் இருண்டு கிடக்கும் சுரப்பியை அப்படியே விட்டுவைப்பதில் பயனில்லை. ஒரு துணுக்கைச் சோதித்து அது பாராதைராய்டுதான் என்று உறுதிசெய்தபின், ஏறத்தாழ 1 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, கழுத்துத் தசைக்குள் பதித்து, இடம் தெரிய ஒரு தையல் போட்டுவிட வேண்டும்.