தானே சிந்திக்கும் டாங்கி எதற்காகச் சண்டைக்குப் போகிறது? முதல் போர் விளையாட்டை அமைப்போருக்கு

அறிவியல் புனைவுப் போர் விளையாட்டு ஒன்றை முதன்முதலாக அமைக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் துப்பாக்கிகளைத்தான் முதலில் எண்ணுகிறார்கள். எத்தனை பீரங்கி, எத்தனை ஏவுகணை, கவசம் எவ்வளவு தடிமன் என்று ஒரு தாள் நிரம்பிவிடும். பாலக்காட்டு மாவட்டத்தில் எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மேசையைச் சுற்றிக் கூடும் சிறு கூட்டத்துக்குப் புதிதாக வருபவரிடம் நான் வேறொன்றைக் கேட்பேன். "இந்த வண்டிக்குச் சொந்தப் புத்தி இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அது ஏன் திரும்பிப் போகாமல் இங்கே நின்று அடி வாங்குகிறது?" பெரும்பாலும் பதில் வராது. அந்தப் பதிலைக் கண்டுபிடித்து, அதை ஆட்டத்தின் விதியாக மாற்றுவது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒரு டாங்கி தனியாக ஒரு படையையே எதிர்க்கும் ஆட்டத்துக்கு முன்னோடி, ஸ்டீவ் ஜாக்சன் வடிவமைத்து 1977-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஓகர்'. அறுகோணக் கட்டங்கள் கொண்ட வரைபடம், அட்டைக் காய்கள், ஒரு பகடை, அவ்வளவுதான். ஒரு பக்கம் ஆளில்லாத ராட்சத டாங்கி ஒன்று. மறுபக்கம் காலாட்படை, சிறு டாங்கிகள், பீரங்கிகள், அவை காக்கும் ஒரு தலைமையகம். நமக்கு இந்த அமைப்பு புதிதில்லை. ஆடு புலி ஆட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் இதே ஏற்றத்தாழ்வோடுதான் மோதுகின்றன. ஆனால் புலி ஏன் ஆட்டை அடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, பசி. டாங்கிக்குப் பசியில்லை. அதனால் காரணத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

படி 1: வரைபடத்தையும் காய்களையும் தயார் செய்யுங்கள்

ஜெராக்ஸ் கடையில் அறுகோணக் கட்டத்தாள் ஒன்றைப் பெரிதாக அச்சடித்துக்கொள்ளுங்கள். அகலம் 12 கட்டம், நீளம் 25 கட்டம். ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர். வலது ஓரம் வாளையார், இடது ஓரம் பாலக்காடு. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடும் பாலக்காட்டுக் கணவாய் இது; வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. மலையைச் சுற்றிக்கொண்டு வர முடியாத கனமான வண்டி எதுவானாலும் இந்தக் கணவாய் வழியாகத்தான் வந்தாக வேண்டும். போர் விளையாட்டுக்கு இதைவிட நல்ல வரைபடம் வேறெங்கும் தேட வேண்டாம். வடக்கு ஓரத்துக் கட்டங்களைக் காடாக்குங்கள். நடுவே தேசிய நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஓடட்டும். பாதி வழியில் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்கு நான்கு கட்டம் ஒதுக்குங்கள். 1766-ல் ஹைதர் அலி கட்டிய பாலக்காட்டுக் கோட்டைதான் தலைமையகம்.

பெரிய டாங்கிக்குத் தனித்தாள் வேண்டும். அதன் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாகச் சேதமாகும். பெரிய பீரங்கி ஒன்று, 3 கட்டம் எட்டும். சிறு துப்பாக்கிகள் நான்கு, 1 கட்டம் எட்டும். சங்கிலிச் சக்கரத்துக்கு 30 புள்ளிகள். தொடக்க வேகம் முறைக்கு 3 கட்டம். சக்கரத்தில் 10 புள்ளி போகப்போக வேகம் ஒவ்வொன்றாகக் குறையும்.

எதிரணிக்கு 12 காய்கள். காலாட்படை 6: வலிமை 1, எட்டும் தூரம் 1, நகர்வு 2. சிறு டாங்கி 4: வலிமை 3, தூரம் 2, நகர்வு 3. நகராத பீரங்கி 2: வலிமை 5, தூரம் 6. யார் சுட்டாலும் பகடையில் 4, 5, 6 விழுந்தால் அடி. பெரிய டாங்கியின் துப்பாக்கியைக் குறிவைத்தால் மட்டும் 6 விழ வேண்டும். விழுந்தால் அந்தத் துப்பாக்கி போயிற்று. சக்கரத்தில் அடி விழுந்தால் சுட்டவரின் வலிமை எவ்வளவோ அவ்வளவு புள்ளி போகும். சிறிய காய் எதுவும் ஒரே அடியில் ஒழியும். முதல் ஆட்டத்துக்கு இது போதும். கணக்கு சரியில்லை என்று தோன்றினால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

படி 2: உள்ளே ஆள் ஏன் இல்லை என்று முடிவு செய்யுங்கள்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். கதிர்வீச்சு, நச்சுக்காற்று, வெப்பம் என்று ஏதாவது ஒன்று போதும். சென்னை ஆவடியில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம் உருவாக்கிய 'முந்த்ரா' என்ற ஆளில்லாக் கவச வண்டியில், அணுக்கதிர் வீச்சு உள்ள இடங்களுக்கென்றே ஒரு வகை இருக்கிறது. ஆள் போக முடியாத இடத்துக்கு வண்டி போகிறது. இந்த அளவில் அது வெறும் கருவிதான்.

படி 3: தொலைவிலிருந்து இயக்கினால் போதாதா என்ற கேள்விக்குப் பதில் எழுதுங்கள்

இங்கேதான் சொந்தப் புத்தி தேவைப்படுகிறது. 1939-40 குளிர்காலப் போரில் சோவியத் ராணுவம் வானொலியால் இயக்கப்படும் டாங்கிகளைப் பின்லாந்துக்கு எதிராகக் களமிறக்கியது. இயக்குபவர் பின்னாலேயே இன்னொரு டாங்கியில் தொடர்ந்து வர வேண்டியிருந்தது. ஜெர்மானியர்களின் 'கோலியாத்' என்ற சிறிய வெடிவண்டியோ பின்னால் இழுத்துவரும் கம்பியால் இயங்கியது. கம்பி அறுந்தால் வண்டி நின்றுவிடும். வானொலியைக் குழப்பலாம், கம்பியை வெட்டலாம். போர்க்களத்தில் முதலில் துண்டிக்கப்படுவது பேச்சுதான்.

உங்கள் ஆட்டம் வேற்றுக் கோளில் நடந்தால் பதில் இன்னும் எளிது. பூமியிலிருந்து நிலவுக்குச் சைகை போய்த் திரும்ப இரண்டரை வினாடிக்குச் சற்று மேல் ஆகும். செவ்வாய்க்கு ஒரு வழிக்கே 3 முதல் 22 நிமிடம். 'சுடட்டுமா?' என்று கேட்டுப் பதில் வருவதற்குள் வண்டி பழைய இரும்பாகியிருக்கும்.

ஆக, கேட்க ஆளில்லாதபோது தானே முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகவே அதற்குப் புத்தி கொடுக்கப்பட்டது. இந்த ஒரு வரியைத் தாளின் தலையில் எழுதுங்கள். அடுத்த படி இதிலிருந்துதான் பிறக்கிறது: தானே முடிவெடுக்கத் தெரிந்த ஒன்று, போரிட வேண்டாம் என்றும் முடிவெடுக்கலாம் அல்லவா?

படி 4: ஒரே ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுங்கள்

உலகத்தை ஆள ஆசை, மனித இனத்தின்மேல் வெறுப்பு, இவை இரண்டையும் முதலிலேயே அடித்துவிடுங்கள். காரணம் போலத் தோன்றும், ஆனால் பலகையில் ஒன்றும் செய்யாது. வெறுக்கும் டாங்கியும் வெறுக்காத டாங்கியும் ஒரே மாதிரிதான் நகரும், ஒரே மாதிரிதான் சுடும். ஆடுபவரின் ஒரு நகர்வையாவது மாற்றாத காரணத்துக்கு என் மேசையில் இடமில்லை. நகர்வை மாற்றும் நான்கு காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, கட்டளை. ஜப்பானிய ராணுவ அதிகாரி ஹிரூ ஒனோடா, இரண்டாம் உலகப் போர் முடிந்ததை நம்பாமல் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக் காட்டில் 1974 வரை இருந்தார். துண்டுப் பிரசுரம் போட்டார்கள், ஒலிபெருக்கியில் அழைத்தார்கள், அவர் வரவில்லை. அவருடைய பழைய மேலதிகாரியைத் தேடிப்பிடித்து நேரில் அழைத்து வந்து கட்டளையை ரத்து செய்த பிறகுதான் ஆயுதத்தைக் கீழே வைத்தார். அவருக்குப் புத்தியில்லை என்று சொல்ல முடியுமா? முப்பது ஆண்டு காட்டில் உயிரோடு இருந்தவர். கட்டளை கொடுத்தவரைத் தவிர வேறு யாரும் அதை மாற்ற முடியாது என்பது அவருடைய விதி. இதையே பலகைக்குக் கொண்டுவாருங்கள். எதிரணிக்குச் சுடாத, அடிபட்டால் ஒழியும் ஒரு காய் கூடுதலாகக் கொடுங்கள்: 'பழைய தளபதி'. நகர்வு 2. அவர் டாங்கிக்கு அடுத்த கட்டத்தில் ஒரு முழு முறை உயிரோடு நின்றுவிட்டால் ஆட்டம் முடிந்தது, எதிரணி வென்றது. இப்போது 12 காய்களின் வேலையே மாறிவிடுகிறது. டாங்கியை உடைப்பதைவிட ஒரு முதியவரை அதன் அருகே கொண்டு சேர்ப்பது முக்கியமாகிறது.

இரண்டாவது, செஞ்சோற்றுக் கடன். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன். பாலக்காட்டு மாவட்டத்தில் பகவதி கோயில்கள் பலவற்றில் கூத்துமாடத்தின் திரைக்குப் பின்னே 21 விளக்குகளை ஏற்றிவைத்துத் தோல்பாவைக் கூத்து நடக்கும். மலையாள நாட்டில், கம்பனின் தமிழ்ப் பாட்டைச் சொல்லி ஆட்டுகிறார்கள். தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராமாயணப் போரைக் காணாத பத்ரகாளிக்காக நடத்துவது என்பது ஐதிகம். எதிரே மனிதர் யாரும் இல்லாவிட்டாலும் கூத்து நிற்பதில்லை.

அந்தக் கதையில் வரும் கும்பகருணனைப் பாருங்கள். மாதக்கணக்கில் உறங்கும் பேருருவம். போர் என்றதும் பெரும்பாடுபட்டு எழுப்புகிறார்கள். எழுந்ததும் அண்ணனிடம் நீ செய்தது தவறு, சீதையை விட்டுவிடு என்கிறான். அண்ணன் கேட்கவில்லை. களத்துக்கு வந்த இடத்தில் தம்பி வீடணன் எதிரணியிலிருந்து வந்து, எங்களோடு வந்துவிடு என்று அழைக்கிறான். நெடுநாள் வளர்த்து, போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்காக உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்று மறுக்கிறான். காரணம் தவறென்று தெரியும், தோற்போம் என்றும் தெரியும், ஆனாலும் போகிறான். உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு, கவசம் பூட்டப்பட்டு, தன்னறிவோடு களத்துக்கு வரும் பேருருவம். தானே சிந்திக்கும் டாங்கிக்கு இதைவிட நல்ல அச்சு எனக்குத் தெரியாது.

விதியாக்குவது இப்படி: டாங்கி ஆடுபவர், ஆட்டம் தொடங்கும்போதே தான் போகும் வழியை எதிரணிக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கஞ்சிக்கோட்டுக் கட்டங்களை நோக்கிச் சுடக்கூடாது, அங்கே எதிரிக் காய் ஒளிந்திருந்தாலும். பின்வாங்கக் கூடாது. மேலும், எதிரணி ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒரு தடவை, தான் விரும்பும் முறையில், 'வந்துவிடு' என்று அழைக்கலாம். அழைத்த முறையில் அவர்கள் யாரும் சுட முடியாது. டாங்கியும் சுடாது, ஆனால் நகரலாம். அழைப்பை மறுக்கும் டாங்கிக்கு ஒரு வெற்றிப் புள்ளி. எங்கள் மேசையில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண், "அண்ணா, இவ்வளவு கையைக் கட்டினால் டாங்கி தோற்றுவிடுமே" என்றாள். தோற்கலாம். கோட்டையைத் தொட்டுவிட்டு அழிந்தால் முழு வெற்றி என்று விதி இருக்கட்டும். தப்பிப்பதற்குப் புள்ளியே வேண்டாம்.

மூன்றாவது, உயிராசை. இதற்கு நேர் எதிர். ஓகரிலேயே தலைமையகத்தை அழித்துவிட்டுத் தப்பிச் செல்வது, அழித்துவிட்டுத் தானும் அழிவதைவிடப் பெரிய வெற்றி. டாங்கியின் மனத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை, வெற்றிக் கணக்கே சொல்லிவிடுகிறது. சக்கரப் புள்ளி 15-க்குக் கீழே போனதும் ஒவ்வொரு முறையும் பகடை உருட்டுங்கள். 5 அல்லது 6 விழுந்தால் அந்த முறை டாங்கி வாளையார் பக்கமாகத் திரும்பியாக வேண்டும்.

நான்காவது, ஐயம். 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கைக் கருவிகள் அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் காட்டின. பணியிலிருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் அது கருவிக் கோளாறு என்று முடிவு செய்தார். அது கோளாறுதான். நம் பக்கத்திலேயே மதுக்கரை ரயில் பாதையில் யானை வருவதைச் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் கண்டறிந்து எச்சரிக்கின்றன. ஆனால் வண்டியின் வேகத்தைக் குறைப்பது மனிதர்தான். காண்பதும் முடிவெடுப்பதும் ஒரே இயந்திரத்துக்குள் வந்துவிட்டால்? எதிரணியின் 12 காய்களோடு ஊர்மக்கள் என்று எழுதிய 4 காய்களைச் சேர்த்துக் கலக்கி, எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். டாங்கி தூரத்திலிருந்தே சுடலாம். அடுத்த கட்டம்வரை போய்ப் பார்த்துவிட்டும் சுடலாம். ஊர்மக்கள் காய் ஒன்று விழுந்தாலும் டாங்கி தோற்றது. நெருங்கிப் பார்ப்பதற்குள் பீரங்கி சக்கரத்தைப் பெயர்த்துவிடும். நான்கில் அதிகம் வியர்க்க வைப்பது இதுதான்.

படி 5: சீட்டு எழுதி ஆடுங்கள்

நான்கு காரணங்களையும் நான்கு சீட்டில் எழுதுங்கள். முதல் ஆட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்படி ஒன்றை எடுங்கள். தொடக்கக்காரர்கள் இரண்டைக் கலக்க ஆசைப்படுவார்கள், தடுத்துவிடுங்கள். உயிராசையும் செஞ்சோற்றுக் கடனும் ஒரே வண்டிக்குள் இருந்தால், பின்வாங்கு என்று ஒரு விதியும் பின்வாங்காதே என்று ஒரு விதியும் மோதி, ஆட்டம் வாதத்தில் முடியும்.

டாங்கி வாளையார் ஓரத்தில் எந்தக் கட்டத்திலிருந்தும் நுழையலாம். எதிரணி கஞ்சிக்கோட்டுக்கு மேற்கே எங்கு வேண்டுமானாலும் காய்களை வைக்கலாம். வேகம் குறையாவிட்டால் டாங்கி கோட்டையைத் தொட எட்டு ஒன்பது முறை ஆகும். அதனால் 12 முறையோடு ஆட்டத்தை நிறுத்துங்கள். அதற்குள் கோட்டை விழாவிட்டால் எதிரணிக்கு வெற்றி.

ஒரு ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறி, அதே சீட்டோடு இன்னொரு முறை ஆடுங்கள். பிறகு சீட்டை மாற்றுங்கள். இரண்டு சீட்டுக்கும் டாங்கி ஒரே வழியில் நகர்ந்திருந்தால் இரண்டாவது சீட்டின் விதியைத் திருத்தி எழுதுங்கள். மூன்றாவது ஆட்டத்திலிருந்து சீட்டை டாங்கி ஆடுபவர் மட்டும் பார்க்கட்டும். கவிழ்த்த காய்களையும் பழைய தளபதியையும் எல்லா ஆட்டத்திலும் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எந்தச் சீட்டு என்று பலகையே காட்டிக்கொடுத்துவிடும். அதே காரணத்துக்காக, செஞ்சோற்றுக் கடன் சீட்டில் வழியை வாய்விட்டுச் சொல்வதை மட்டும் இந்த ஆட்டங்களில் விட்டுவிடுங்கள். அழைப்பு விடுக்கும் உரிமையும் எப்போதும் எதிரணிக்கு இருக்கட்டும். டாங்கி நகரும் விதத்தைப் பார்த்தே அதன் காரணத்தை அவர்கள் ஊகிக்க வேண்டும். ஆறாவது முறைக்குள் சரியாகச் சொல்லிவிட்டால் அவர்களுக்குக் காலாட்படைக் காய் ஒன்று கூடுதல்.