கேமிங் மானிட்டர் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

240 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 240 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் விளையாடும் கேமில் இப்போது எத்தனை எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்), வருகிறது? பலருக்கும் அது தெரிவதில்லை. அதைப் பார்க்காமலே மானிட்டரைத் தேர்ந்தெடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

மானிட்டர் தானாகப் படத்தை உருவாக்குவதில்லை. கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு 80 ஃபிரேம் அனுப்பினால், 240 ஹெர்ட்ஸ் திரையிலும் நீங்கள் பார்ப்பது அந்த 80-ஐத்தான். ஸ்டீம் அமைப்புகளிலேயே எஃப்பிஎஸ் காட்டும் வசதி இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டு, வழக்கமாக விளையாடும் கேம்களைச் சில நாள் கவனியுங்கள். மெனுவில் வரும் எண்ணை நம்பாதீர்கள்; புகையும் வெடியுமாகத் திரை நிறைந்திருக்கும் சண்டையின் நடுவில் எண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். வேலரண்ட் சுமாரான கார்டிலேயே 200-ஐத் தாண்டிவிடும். சைபர்பங்க் 2077-ஐ ரே டிரேசிங்குடன் (ஒளி படும் விதத்தைக் கணக்கிட்டுக் காட்டும் கனமான அமைப்பு) ஓட்டினால் அதே கார்டு 60-க்கே திணறும். எல்டன் ரிங் எவ்வளவு விலையுயர்ந்த கணினியிலும் 60-ஐத் தாண்டாது, ஏனென்றால் வரம்பு கேமுக்குள்ளேயே இருக்கிறது. பிஎஸ்5-க்காக மானிட்டர் தேடுபவருக்கு 120-தான் உச்சம், அதற்கு மேல் கொடுக்கும் காசு வீண்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு: 1080பி-யில் வந்த எஃப்பிஎஸ்ஸை மனதில் வைத்துக்கொண்டு 1440பி மானிட்டர் வாங்குவது. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல், 1440பி-யில் சுமார் 36.9 லட்சம், 4கே-யில் சுமார் 83 லட்சம். கார்டு அத்தனையையும் நிரப்ப வேண்டும். பழைய திரையில் 150 வந்த கேம் புதிய திரையில் 100-க்குக் கீழே வந்தால் அது மானிட்டரின் குறையல்ல.

அடுத்து, ஹெர்ட்ஸ் எண் இரட்டிப்பானால் பலனும் இரட்டிப்பாகும் என்று நம்புவது. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் திரையில் நிற்கும் நேரம் 16.7 மில்லிநொடி. 144-ல் அது 6.9, 240-ல் 4.2, 360-ல் 2.8. அதாவது 60-லிருந்து 144-க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லிநொடி மிச்சம். அங்கிருந்து 240-க்குப் போனால் 3 கூட இல்லை. 360-க்கு இன்னும் ஒன்றரைகூட இல்லை. முதல் தாவலை மவுஸை நகர்த்திய உடனேயே யாரும் உணர்வார்கள். பிந்தைய தாவல்கள், தினமும் ரேங்க் போட்டிகளில் மோதி, நொடிக்கு அத்தனை ஃபிரேமையும் உண்மையிலேயே எடுக்கும் கணினி வைத்திருப்பவர்களுக்கானவை. அவர்கள் தயங்காமல் வாங்கலாம். கதைக்காக விளையாடுபவர் 144 அல்லது 165-ல் நின்றுவிட்டு, மிச்சக் காசை கார்டில் போடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பெட்டியில் அச்சடித்த ‘1 எம்எஸ்’ஸை, அதாவது பிக்சல் நிறம் மாற ஒரு மில்லிநொடி போதும் என்பதை, அப்படியே நம்பாதீர்கள். அது பெரும்பாலும் ஓவர்டிரைவை (பிக்சலை வேகமாக மாறத் தள்ளும் அமைப்பு) உச்சத்தில் வைத்து எடுத்த எண். அந்த அமைப்பில் விளையாடினால் நகரும் பொருளின் பின்னால் வெளிறிய நிழல் தெரியும். எல்சிடி திரையின் ஒரு வகையான விஏ பேனல்கள் பலவற்றில் இருட்டான காட்சிகள் கருப்பாக இழுபடும். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி-யில் இந்தத் தொல்லை கிடையாது, அதன் பிக்சல் மாறும் வேகமே வேறு. எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் வசதி; ‘டிஸ்ப்ளே எச்டிஆர் 400’ முத்திரைக்காகவும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அதற்கு 400 நிட் வெளிச்சம் எட்டினால் போதும், திரையைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி கட்டாயமில்லை. அது இல்லாத எல்சிடி-யில் எச்டிஆர் பெயருக்குத்தான் இருக்கும்.

வாங்கிய பிறகும் தவறு நடக்கிறது. புது மானிட்டரை மாட்டிவிட்டு, விண்டோஸில் 60 ஹெர்ட்ஸிலேயே மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் நாமாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும். அங்கே 144-ஓ 240-ஓ தெரியவில்லையென்றால் கேபிளைப் பாருங்கள். கணினியின் பின்பக்கம் மேலே, யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் செருகியிருந்தால் அது மதர்போர்டின் போர்ட். கேபிளைக் கார்டின் போர்ட்டில் செருக வேண்டும்; அவை அதற்குக் கீழே, தனி வரிசையில் இருக்கும். வீட்டில் கிடந்த பழைய எச்டிஎம்ஐ கேபிளும் காரணமாக இருக்கலாம். எச்டிஎம்ஐ 2.0 வழியில் 4கே முழு நிறத்தோடு 60-லேயே நின்றுவிடும். பெட்டியோடு வந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையே போடுங்கள். திரையின் வேகத்தைக் கார்டின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க்கையும் ஆன் செய்யுங்கள். எஃப்பிஎஸ் ஏறி இறங்கும்போது படம் கிழியாமல் இருப்பது அதனால்தான்.

ஓஎல்இடி வாங்குவதாக முடிவெடுத்தால், பணம் கட்டும் முன் வாரண்டி தாளில் ஒன்றைத் தேடுங்கள்: பர்ன்-இன் (அசையாத படம் திரையில் நிரந்தரத் தடமாகப் பதிவது) அதில் அடங்குமா, எத்தனை ஆண்டுக்கு. பகலெல்லாம் எக்செல் திறந்து வைத்து அலுவலக வேலை, இரவில் கேம் என்று ஒரே திரையில் ஓட்டுபவர்களுக்கு, அசையாமல் நிற்கும் டாஸ்க்பார்தான் தடம் பதிக்கும். அந்த வரி வாரண்டியில் இல்லையென்றால் நல்ல ஐபிஎஸ் (எல்சிடி-யின் இன்னொரு வகை) மானிட்டருக்கே போய்விடுங்கள்.