ரூசோ எழுதினார், பாஸ்டில் விழுந்தது: இப்படிச் சொல்லலாமா?

பிரெஞ்சுப் புரட்சி எப்படி வந்தது என்று கேட்டால் பள்ளியில் படித்த மூன்று பெயர்கள் மளமளவென்று வரும்: மாண்டெஸ்கியூ, வால்டேர், ரூசோ. மேற்குலகின் ஜனநாயகம், மனித உரிமை எல்லாவற்றுக்கும் இவர்களே மூலம் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். சிந்தனை வரலாற்றில் பலரும் சறுக்குவது இங்கேதான்.

புத்தகம் வந்தது, புரட்சி வெடித்தது என்று நேர்க்கோடு போடுவது முதல் தவறு. ரூசோவின் ‘சமூக ஒப்பந்தம்’ வெளிவந்தது 1762-இல். அவரும் வால்டேரும் 1778-இலேயே இறந்துவிட்டார்கள். பாஸ்டில் சிறை விழுந்ததோ 1789 ஜூலை 14. இடையில் என்ன நடந்தது? அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவப் போய் பிரான்ஸ் அரசு கழுத்துவரை கடனில் மூழ்கியது. 1788 ஜூலையில் ஆலங்கட்டி மழை பயிரை நாசமாக்கியது. அடுத்த ஆண்டு ரொட்டி விலை எகிறியது. பிரபுக்களும் திருச்சபையும் வரிச்சுமையில் பெரும்பகுதியிலிருந்து தப்பித்துக்கொண்டிருந்தார்கள். 1789-இல் ஊர் ஊராக மன்னருக்கு எழுதி அனுப்பிய குறைப் பட்டியல்கள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. கிராமத்துப் பட்டியல்களில் ரூசோவைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். உப்பு வரி, பிரபுவுக்குக் கட்ட வேண்டியவை, விதையைத் தின்றுபோகும் அவருடைய புறாக்கள் என்று அன்றாடக் கவலைகளே அதிகம்.

சரி, அப்படியானால் கருத்துகளுக்கு வேலையே இல்லையா? அந்தப் பக்கம் சாய்வதும் தவறுதான். 1775-இலும் மாவு விலை ஏறி பிரான்சில் பெரிய கலவரம் நடந்தது. படையை அனுப்பி அடக்கினார்கள், ஆட்சி அசையவில்லை. 1789-இல் மன்னர் கூட்டிய சபையில் மூன்றாம் பிரிவின், அதாவது திருச்சபையும் பிரபுக்களும் அல்லாத பொதுமக்களின், பிரதிநிதிகள் ‘நாங்களே தேசிய சபை’ என்று ஜூன் 17 அன்று அறிவித்தார்கள். இறையாண்மை தேசத்திடமே இருக்கிறது என்று ஆகஸ்ட் 26 அன்று ஏற்ற உரிமைப் பிரகடனத்தில் எழுதியும் வைத்தார்கள். வக்கீல்கள் நிறைந்த அந்தச் சபைக்கு இதைச் சொல்லும் மொழியைத் தயாராக வைத்திருந்தவர்கள் முந்தைய தலைமுறைச் சிந்தனையாளர்கள். கோபத்துக்குக் காரணம் ரொட்டி. அந்தக் கோபம் அரசியல் சட்டமாக மாறியதில்தான் புத்தகங்களின் பங்கு.

அந்தச் சிந்தனையாளர்களை ஒரே கட்சியாகப் பார்ப்பது இன்னொரு தவறு. வால்டேருக்கும் ரூசோவுக்கும் ஆகவே ஆகாது. வால்டேர் பிரஷ்ய மன்னர் பிரெடெரிக்கோடும் ரஷ்யப் பேரரசி கேத்தரினோடும் கடிதத் தொடர்பு வைத்திருந்தவர்; நல்ல மன்னர் கையால் சீர்திருத்தம் வரும் என்று நம்பியவர். மக்களாட்சியின் தந்தை என்று அவரை அழைப்பது அவருக்கே சங்கடமாக இருந்திருக்கும். மத எதிர்ப்பே முன்னேற்றத்தைக் கொண்டுவந்தது என்ற பேச்சும் அப்படித்தான். பிரிட்டனில் அடிமை வணிகத்தை ஒழிக்க 1787-இல் அமைந்த குழுவில் பெரும்பான்மையினர் குவேக்கர் கிறிஸ்தவர்கள்.

பிரகடனத்தில் எழுதியது உடனே எல்லோருக்கும் கிடைத்துவிட்டதாக நினைப்பவர்கள் பிரெஞ்சுக் காலனியான சான் டொமிங்கைப் பார்க்கலாம். அங்கே ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். 1791-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்த பிறகுதான், 1794-இல், பாரிஸ் அடிமைமுறையை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் அதைக் காலனிகளில் மறுபடியும் கொண்டுவந்தார். சான் டொமிங்க் மக்கள் அவருடைய படையைத் தோற்கடித்து, 1804-இல் ஹைட்டி என்ற தனி நாடானார்கள். பெண்களுக்கும் உரிமை வேண்டும் என்று 1791-இல் எழுதிய ஒலிம்ப் த கூஜ் இரண்டே ஆண்டில் கில்லட்டினில் கொல்லப்பட்டார். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1944-இல்!

அப்புறம் மேற்கோள்கள். ‘நீ சொல்வதை ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்’ என்பது வால்டேர் எழுதியதல்ல. அவருடைய மனப்போக்கை விளக்க ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் 1906-இல் எழுதிய வரி அது. பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் என்றதும் ‘கண்ணுக்குத் தெரியாத கை’ என்பார்கள்; அவரவர் தன் லாபத்தைத் தேடினாலே அது ஊருக்கும் நன்மையில் முடியும் என்பதற்கான உருவகம். 1776-இல் வந்த அவருடைய தடித்த பொருளாதார நூலில் அது ஒரே ஒரு முறைதான் வருகிறது. ஒரே தொழில் செய்யும் வியாபாரிகள் கூடினால் பேச்சு விலையேற்றும் சதியில்தான் முடியும் என்று அதே நூலில் அவர் எழுதியிருப்பதை யாரும் பகிர்வதில்லை.