புது ட்ரம் அண்ட் பேஸ் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் நண்பர் ஒருவருக்கு ஒரு ட்ரம் அண்ட் பேஸ் ட்ராக் அனுப்பினேன். வேகமான தாளமும் கனமான அடி ஒலியும் கொண்ட மின்னணு நடன இசை அது. சின்ன லேபிள் (இசையை வெளியிடும் நிறுவனம்), அன்றுதான் வெளியாகியிருந்தது. டீக்கடையில் நின்றபடி போன் ஸ்பீக்கரிலேயே போட்டுக் கேட்டுவிட்டு, “யாரோ தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்கு, இதுல என்ன இருக்கு?” என்று பதில் போட்டார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது பாதிதான்.

பெயரிலேயே ட்ரம், பேஸ் (அடி ஒலி) என்று இரண்டு இருக்கின்றன. பேஸின் அடித்தளம் பெரும்பாலும் 40 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை ஓடும். போன் ஸ்பீக்கரால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக எதையும் தர முடியாது. மிஞ்சுவது ட்ரம் செட்டின் கீச்சுத் தாளமான ஹை-ஹாட்டும், பட்டென்று அடிக்கும் ஸ்நேரும்தான். அதாவது தகரம். சுமாரான ஒயர் ஹெட்போன் ஒன்று இருந்தால் போதும், பெரிய செலவு வேண்டாம். ஆனால் ‘பேஸ் பூஸ்ட்’ பொத்தானைப் போட்டுக்கொண்டு கேட்காதீர்கள். மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்வது) செய்தவர் அளந்து வைத்த அடி ஒலியெல்லாம் கூழாகிவிடும்.

அடுத்தது அவசரம். நமக்குப் பழகியது சினிமாப் பாட்டு. அரை நிமிடத்துக்குள் பல்லவி வந்தாக வேண்டும். இந்த இசையோ, ஓடிக்கொண்டிருக்கும் ட்ராக்கின் வாலில் டிஜே கோத்துவிடுவதற்காகச் செய்யப்படுவது. அதனால் தொடக்கத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 174 பீட் என்றால், நான்கு பீட் கொண்ட ஒரு பார் 1.38 விநாடி. 32 பார் ஓட 44 விநாடி ஆகும், 64 பார் ஓட 88 விநாடி. சில ட்ராக்குகளில் பேஸ் இறங்கவே ஒன்றரை நிமிடம் ஆகிவிடும். முப்பதாவது விநாடியில் அடுத்ததற்குத் தாவுகிறவர், கச்சேரிக்குப் போய் தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போதே எழுந்து வந்தவர் மாதிரி.

(டிஜே பழகுகிறவர்களுக்கு ஒரு வரி: மென்பொருள் 87 என்று வேகம் காட்டினால் பதறாதீர்கள். அது 174ஐப் பாதியாக எண்ணியிருக்கிறது. இரண்டால் பெருக்கிவிட்டு வேலையைப் பாருங்கள்.)

‘அண்டர்கிரவுண்ட்’, ‘இண்டிபெண்டன்ட்’ இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதும் பரவலாக நடக்கிறது. முதலாவது ரசனையைச் சொல்வது; இரண்டாவது யார் கையில் உரிமை இருக்கிறது என்பதைச் சொல்வது. 1996ல் லண்டனில் தொடங்கிய ஹாஸ்பிடல் ரெக்கார்ட்ஸ் சுயேச்சையான லேபிள்தான், ஆனால் அவர்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்குப் பெருங்கூட்டம் வரும். டிஜே ஆண்டி சி 1992ல் ஆண்ட் மைல்ஸுடன் தொடங்கிய ராம் ரெக்கார்ட்ஸ் இந்த இசையின் தூண்களில் ஒன்று. 2016ல் அது பிஎம்ஜி என்ற பெரிய இசை நிறுவனத்தின் பக்கம் போனது. அதனால் அதன் பழைய தட்டுகளின் மதிப்பு குறைந்துவிட்டதா என்ன? பின்தொடர்பவர் எண்ணிக்கையைப் பார்த்து ‘இது அண்டர்கிரவுண்ட்’ என்று முடிவு கட்டுவது இன்னும் மோசம்.

இதில் நான் பெரிய தவறாக நினைப்பது வேறொன்று. கலைஞர் பெயரை மட்டும் வைத்துத் தேடுவது. இந்த உலகத்தில் ஒரே ஆள் மூன்று பெயரில் வெளியிடுவார், இருவர் சேர்ந்து நான்காவதாக ஒன்று வைத்துக்கொள்வார்கள். லேபிளின் பெயர் அப்படிச் சட்டென்று மாறாது. லேபிள் என்றதும் பெரிய ஆபீஸ், ஆட்கள் என்று கற்பனை செய்ய வேண்டாம். பெரும்பாலும் ஓரிருவரின் காதுதான் லேபிள். 1994ல் கோல்டி, கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம் மூவரும் சேர்ந்து மெட்டல்ஹெட்ஸைத் தொடங்கியபோதும் அப்படித்தான். டிபிரிட்ஜின் எக்ஸிட், 2002ல் கஸ்ரா தொடங்கிய கிரிட்டிக்கல், நியூசிலாந்திலிருந்து கிளம்பி பெர்லினுக்குப் போன சாமுராய், ட்ரம் அண்ட் பேஸுக்கு முன்னோடியான பழைய ஜங்கிள் இசையின் வாசனையை விடாத பிரிஸ்டலின் வெஸ்டர்ன் லோர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கைமணம் உண்டு. உங்களுக்குப் பிடித்த மூன்று ட்ராக்குகள் எந்த லேபிளில் வந்தன என்று பாருங்கள். ஏதாவது இரண்டு ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால் அந்த லேபிளை பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில் பின்தொடருங்கள். புதிது வரும்போது மின்னஞ்சல் வந்துவிடும்; அல்காரிதத்தின் தயவு தேவையில்லை.

குறித்து வைக்கும்போது ட்ராக் பெயரோடு கேட்டலாக் எண்ணையும் (ஒவ்வொரு வெளியீட்டுக்கும் லேபிள் கொடுக்கும் எண்) எழுதிக்கொள்ளுங்கள். ஒரே தலைப்பில் எத்தனையோ ட்ராக் இருக்கும், எண் ஒன்றுதான் இருக்கும். ஹாஸ்பிடல் தன் வெளியீடுகளுக்கு ‘என்ஹெச்எஸ்’ என்று ஆரம்பிக்கும் எண் கொடுக்கிறது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையின் பெயரும் அதுதான். ஆஸ்பத்திரி ஜோக்.

புது வெளியீட்டில் ஆமென் பிரேக் என்ற பழைய ட்ரம் துண்டைக் கேட்டதும் “இது காப்பி” என்று ஒதுக்குகிறவர்கள் நிறையப் பேர். த வின்ஸ்டன்ஸ் குழு 1969ல் வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ என்ற பாட்டில் ட்ரம்மர் கிரிகரி கோல்மன் தனியாக வாசித்த நான்கு பார்தான் அது, சுமார் ஏழு விநாடி. அதை வெட்டி, திருப்பி, வேகமாக்கி ஒரு இசை வகையே பிறந்தது. (கோல்மனுக்கு அதிலிருந்து ராயல்டி என்று ஒரு காசு வரவில்லை. 2006ல் வறுமையில் இறந்தார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015ல் ரசிகர்கள் வசூலித்து 24,000 பவுண்டு கொடுத்தார்கள்.) கல்யாணியை ஒருவர் பாடிவிட்டார் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்களா? எந்த இடத்தில் வெட்டியிருக்கிறார், ஸ்நேரை எங்கே தள்ளி வைத்திருக்கிறார், அடியில் என்ன பேஸ் ஓடுகிறது என்று கேட்க வேண்டும். ஆமென் இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை.

ரேடியோ மிக்ஸில் கேட்டதை, பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஷஸாம் செயலியில் தேடிச் சலித்துப்போவது இன்னொன்று. அது பெரும்பாலும் டப் ஆக, அதாவது இன்னும் வெளியாகாமல் டிஜேக்களின் கையில் மட்டும் இருக்கும் ட்ராக்காக இருக்கும். தொண்ணூறுகளில் லண்டனில் மியூசிக் ஹவுஸ் என்ற தட்டு வெட்டும் கூடத்தில் வரிசையில் நின்று அசிடேட் தட்டில் வெட்டி வாங்குவார்கள். சில டஜன் முறை ஓட்டினாலே தேய்ந்துவிடும். இப்போது அது வெறும் ஃபைல், பெயர் மட்டும் டப்தான். வெளிவர ஆறு மாதம் ஆகலாம், இரண்டு வருடம் ஆகலாம், வராமலே போகலாம். “என்னிடம் அந்த ஃபைல் இருக்கிறது, விலைக்குத் தருகிறேன்” என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள். அநேகமாக ரேடியோவிலிருந்து பிடித்த பதிவாகத்தான் இருக்கும்.

சரி, பணத்துக்கு வருவோம். ஸ்பாட்டிஃபையில் நூறு தடவை ஓட்டிவிட்டு லேபிளை ஆதரித்ததாக நினைக்கிறோம். 2024லிருந்து அங்கே ஒரு ட்ராக் பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையாவது ஓடாவிட்டால் ராயல்டி கிடையாது. சின்ன லேபிள்களின் பி-பக்க (தட்டின் மறுபக்கத்து) ட்ராக்குகள் எத்தனையோ அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 2020 மார்ச்சில் ஆரம்பித்த பேண்ட்கேம்ப் ஃபிரைடே அன்று அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. ஆனால் நம் ஊரில் வெள்ளிக்கிழமை காலையிலேயே எழுந்து வாங்கினால் பிரயோஜனமில்லை. அவர்கள் பார்ப்பது கலிஃபோர்னியா கடிகாரம். நமக்கு அது வெள்ளி மதியம் 12.30க்குத் தொடங்கும், அங்கே குளிர்காலமென்றால் 1.30க்கு. சனிக்கிழமை அதே நேரம் வரை நடக்கும். எல்லா மாதமும் நடப்பதுமில்லை, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கியபின் எம்பி3யை மட்டும் இறக்கிக்கொண்டு நிறுத்திவிட வேண்டாம். பேண்ட்கேம்பில் கொடுத்த அதே விலைக்கு ஒலி எதுவும் இழக்காத ஃபிளாக், வேவ் ஃபைல்கள் எல்லாம் கிடைக்கும். எம்பி3யை நீங்களே வேவாக மாற்றினால் ஃபைல்தான் பெரிதாகும், போன ஒலி திரும்பாது. சந்தேகமான ஃபைலை ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். படம் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டியது போல் நின்றால், அது 128 கேபிபிஎஸ் எம்பி3க்கு வேவ் சட்டை மாட்டியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

கடைசியாக இசைத்தட்டு. சில நூறு தட்டு மட்டும் அடித்து, தீர்ந்தபின் மறுபடி அடிக்காத லேபிள்கள் உண்டு. யோசித்துக்கொண்டே இருந்தால், பழைய தட்டுகள் கைமாறும் டிஸ்காக்ஸ் தளத்தில் மூன்று மடங்கு விலைக்குத்தான் வாங்க வேண்டிவரும். முன்பதிவு செய்தாலும் சொன்ன தேதிக்கு வந்துவிடும் என்று நம்பாதீர்கள். அழுத்தும் ஆலைகளில் வரிசை நீளம். நான் முதல்முறை லண்டனிலிருந்து ஒரே ஒரு 12 அங்குலத் தட்டை வரவழைத்தேன். தபால் கட்டணம் தட்டு விலையைத் தாண்டியது, அப்புறம் சுங்கம் வேறு. நாலைந்து தட்டாகச் சேர்த்து ஒரே கடையில் ஆர்டர் கொடுப்பதுதான் கட்டுப்படியாகும்.

அந்தத் தட்டில்தான் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். இந்த வகை 12 அங்குலத் தட்டுகள் பல 45 வேகத்தில் (நிமிடத்துக்கு 45 சுற்று) ஓட வேண்டியவை. தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள், நான் கவனிக்காமல் 33ல் போட்டேன். 174 பீட் ட்ராக் 129க்கு இறங்கிவிட்டது, ஹவுஸ் இசையின் வேகம். பேஸ் பாதாளத்தில் உறுமியது. என்ன ஒரு கனமான புதுமை என்று பத்து நாள் ரசித்தேன், இரண்டு பேருக்குப் போட்டுக் காட்டிப் பெருமையும் அடித்தேன். பிறகு டிஜிட்டல் ஃபைலை இறக்கிக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த பி-பக்கத்தை மட்டும் இப்போதும் சில ராத்திரிகளில் 33லேயே ஓடவிடுகிறேன்.