கோல்ஃப் கார்ட்: 36 வோல்ட்டிலிருந்து 48-க்கு மாற்றுவது எப்படி?

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் பீச்ட்ரீ சிட்டியில் கோல்ஃப் கார்ட் என்ற சின்ன பேட்டரி வண்டி விளையாட்டு மைதானத்துச் சாமான் இல்லை. மளிகைக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதில்தான் போகிறார்கள். அதற்கென்று ஊர் முழுக்க சுமார் 160 கிலோமீட்டருக்குத் தனிப்பாதையே இருக்கிறது. அங்கே பழைய 36 வோல்ட் வண்டி வைத்திருப்பவருக்கு மேடு வந்தாலே எரிச்சல்தான். வண்டிக்கு மூச்சு வாங்கும். 48-க்கு மாற்றலாமா என்ற யோசனை வருவது அப்போதுதான்.

மாற்றலாம். ஆனால் ஒரு கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். 225 ஆம்பியர்-மணி கொண்ட 6 வோல்ட் பேட்டரி ஆறு: 36 × 225 = 8,100 வாட்-மணி (பேட்டரிகளில் அடங்கும் மொத்த ஆற்றல்). 170 ஆம்பியர்-மணி கொண்ட 8 வோல்ட் பேட்டரி ஆறு: 48 × 170 = 8,160. இரண்டும் ஒன்றுதான்! வேகமும் இழுவையும் கூடும், ஒரு சார்ஜில் போகும் தூரம் கூடாது. தூரத்துக்காக இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால் காசை மிச்சம் பிடியுங்கள்.

உங்கள் வண்டி எந்த வகை?

நான் சொல்வது சீரிஸ் மோட்டார் உள்ள பழைய ஈஸி-கோ கம்பெனியின் டிஎக்ஸ்டி (TXT) மாடல் வண்டிக்கு. மோட்டாரைக் குனிந்து பாருங்கள். நான்கு டெர்மினல்களிலும் ஒரே அளவுத் தடித்த கேபிள் இருந்து, எஸ்1, எஸ்2, ஏ1, ஏ2 என்று எழுதியிருந்தால் சீரிஸ். எஃப்1, எஃப்2 என்று எழுதி அங்கே மெல்லிய வயர் போயிருந்தால் அது வேறு வகை; அதற்கு இந்த விளக்கம் பொருந்தாது.

என்ன வாங்க வேண்டும்?

பேட்டரி மாற்றுவதுதான் இதில் சுலபமான பகுதி. 8 வோல்ட் பேட்டரியும் ஏறக்குறைய அதே அளவுதான், பழைய தட்டிலேயே உட்கார்ந்துவிடும். மாட்டிக்கொள்வது மற்ற பாகங்களில். மோட்டார் பொதுவாக 48-ஐத் தாங்கும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் கண்ட்ரோலர்; அதன் லேபிளில் 36 மட்டும் போட்டிருந்தால் அது தாங்காது, 48-க்கு ஏற்றது வேண்டும். வண்டியில் உள்ள ஆக்சிலரேட்டர் சென்சார் எந்த வகை என்று கடையில் சொல்லி, அதற்குப் பொருந்தும் கண்ட்ரோலரை வாங்குங்கள். பேட்டரியின் மின்சாரத்தைக் கண்ட்ரோலருக்குச் சேர்க்கும் பெரிய சுவிட்சான சொலனாய்டும் 48 வோல்ட் காயில் உள்ளதாக இருக்க வேண்டும். சார்ஜர், பேட்டரி மீட்டர் இரண்டும் புதிது. கேபிள் முனைகளில் பச்சைப் பூப்பு இருந்தால் அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

எல்லாரும் கோட்டை விடுவது ஹெட்லைட்டில். பழைய வண்டிகள் பலவற்றில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளிலிருந்து விளக்குக்கு 12 வோல்ட் எடுத்திருப்பார்கள். அதே இடத்தில் 8 வோல்ட் பேட்டரி வந்ததும் 16 ஆகிவிடும். நானும் அதைக் கவனிக்கவில்லை. சுவிட்சைப் போட்டதும் இரண்டு பல்பும் பளிச்சென்று வெள்ளையாக எரிந்து, அப்புறம் ஒரேயடியாக அணைந்தன. 48-லிருந்து 12 ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டர் ஒன்று மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

வேலையை ஆரம்பிக்கலாம்

மோதிரம், வாட்ச், செயின் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை போடுங்கள். ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே ஸ்பேனர் விழுந்தால் வெல்டிங் போல ஒட்டிக்கொள்ளும். காற்றோட்டமான இடத்தில், முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சாவியை எடுத்து, லிவரை நியூட்ரலில் விடுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள். முதலில் மெயின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். கண்ட்ரோலருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். கால் மணி நேரம் விட்டு, மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

பேட்டரி ஒவ்வொன்றும் 28, 29 கிலோ. தனியாகத் தூக்காதீர்கள். தட்டில் ஆசிட் கறை இருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள்.

அப்புறம் கண்ட்ரோலரும் சொலனாய்டும். கேபிளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பேர் எழுதிய டேப் ஒட்டி, புதியதில் அதே இடத்தில் மாட்டுங்கள். சொலனாய்டின் இரண்டு பெரிய முனைகளுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் இருக்க வேண்டும். கண்ட்ரோலருக்குள் மின்சாரம் தேக்கும் கெப்பாசிட்டர்களை மெதுவாக நிரப்பும் வேலை அதற்கு. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் பொறி அடித்து, கடைசியில் சொலனாய்டு ஒட்டிக்கொள்ளும்.

பேட்டரிகளை பாசிட்டிவ்-நெகட்டிவ் என வரிசையாக இணைக்கும்போது, ஒவ்வொரு இணைப்புக்கும் பிறகு அளந்து பாருங்கள்: 8.4, 16.8, 25 என்று ஏறிக்கொண்டே வரும். எங்காவது குறைந்தால் ஒரு பேட்டரி திரும்பி உட்கார்ந்திருக்கிறது. மெயின் நெகட்டிவ் கடைசியில். அதைத் தொடும்போது சின்னப் பொறி வரலாம். பெரிதாக அடித்தால் உடனே எடுத்துவிட்டு இணைப்புகளைச் சரிபாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை லேசாக ஒரு விநாடி மட்டும் தொடுங்கள். சக்கரம் சரியான திசையில் சுற்றுகிறதா என்று பார்த்தால் போதும். முழுசாக அழுத்தவே கூடாது: சுமை இல்லாத சீரிஸ் மோட்டார் வேகம் தாங்காமல் தன்னையே சிதறடித்துக்கொள்ளும்.

தரையில் இறக்கியபின் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும். இந்த வண்டிக்கு பிரேக் பின்சக்கரங்களில் மட்டும்தான், அதனால் பிரேக் ஷூவையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். அமெரிக்கச் சட்டத்தில் மணிக்கு 20 மைலைத் தாண்டும் வண்டி வேறு வகைக்குப் போய்விடும், சீட் பெல்ட் முதல் பல சாமான்கள் கேட்பார்கள்.

முதல் முழு சார்ஜுக்குப் பிறகு சில மணி நேரம் விட்டு அளந்தால் 50.9 வோல்ட் பக்கம் காட்டும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது அதற்கு அப்புறம்தான். முன்னாடியே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கித் தட்டில் வழியும்.