எந்த மாசி வீதி? ஐபிவி6 சிறப்பு முகவரிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் ஆட்டோவில் ஏறி "மாசி வீதி, 12ஆம் நம்பர்" என்றால் வண்டி நகராது. கீழமாசியா, மேலமாசியா, வடக்கா, தெற்கா என்று கேட்பார்கள். கம்ப்யூட்டர்களுக்கு நெட்வொர்க் முகவரி தரும் புதிய முறையான ஐபிவி6-இல் எஃப்இ80 என்று தொடங்கும் முகவரியும் அப்படித்தான். ஒரே கம்ப்யூட்டரின் கேபிளிலும் இருக்கும், வைஃபையிலும் இருக்கும். எந்த வழி என்பதை முகவரியின் கடைசியில் % போட்டுச் சொல்ல வேண்டும். விண்டோஸில் %12 போல ஓர் எண், லினக்ஸில் %ஈத்0 போல ஒரு பெயர். இதை விட்டுவிட்டு, பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) போகவில்லை என்று நெட்வொர்க் கார்டையே மாற்றியவர்கள் உண்டு. அப்புறம், இந்த முகவரி ரவுட்டரைத் தாண்டாது. அடுத்த கிளைக்குக் கொடுத்துப் பயனில்லை.

பெரிய தவறு எஃப்டி என்று தொடங்கும் முகவரியில்தான் நடக்கிறது. பழைய ஐபிவி4 முறையின் 192.168 போல, உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் முகவரி இது. கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடை, திருமங்கலத்தில் அதன் கிடங்கு. இரண்டிலும் நினைவில் நிற்கட்டும் என்று எஃப்டி00:: என்றே போட்டிருந்தார்கள். விபிஎன் (இரண்டு இடங்களின் நெட்வொர்க்கை இணையம் வழியே ஒன்றாக்கும் தனி வழி) போட்டு இணைத்த அன்று, கிடங்கிலிருந்து கடையின் பில் சர்வரான எஃப்டி00::10-ஐத் திறந்தால் கேமரா ரெக்கார்டரின் லாகின் பக்கம் வந்தது. கிடங்கிலும் ::10 இருக்கிறதே! அது பக்கத்திலேயே இருப்பதால் பாக்கெட் (அனுப்பும் தரவு) விபிஎன் பக்கமே போகவில்லை. ஒரு பக்கம் முழுக்க முகவரி மாற்றி முடிக்க ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

2005இல் வந்த ஆர்எஃப்சி 4193 என்ற இணைய விதிமுறை ஆவணம் இதற்குத்தான் வழி சொல்கிறது: எஃப்டிக்கு அடுத்த 40 பிட்டைக் குலுக்கல் முறையில் எடுங்கள். ஒரு லட்சம் கோடிக்கும் மேலான வாய்ப்புகள். இரண்டு கடைகள் மோதுவது அபூர்வம். சுழியங்களைப் போட்டு அழகு பார்க்காதீர்கள். எஃப்டி போட்டாலே பாதுகாப்பு என்றும் இருந்துவிடாதீர்கள். உள்ளே நுழைந்த வைரஸுக்கு அது தடையே இல்லை.

2001:டிபி8 என்று பாடத்தில் பார்த்ததை அப்படியே சர்வரில் ஒட்டாதீர்கள். அது உதாரணம் காட்ட மட்டும் ஒதுக்கியது. உள்முகவரிக்கு முன்பு வைத்திருந்த எஃப்இசி0 பழைய குறிப்புகளில் இருக்கும், 2004லேயே கைவிட்டாயிற்று.

கடைசியாக, ஃபயர்வாலில் ஐசிஎம்பிவி6-ஐ (ஐபிவி6-இன் கட்டுப்பாட்டுச் செய்திகளை) மொத்தமாக மூடாதீர்கள். பழைய ஐபிவி4-இல் பக்கத்துக் கம்ப்யூட்டரைத் தேடித் தரும் ஏஆர்பி ஐபிவி6-இல் கிடையாது. அந்தத் தேடும் குரல் இங்கே எஃப்எஃப்02 என்று தொடங்கும் குழு முகவரிகளுக்கு ஐசிஎம்பிவி6 வழியாகத்தான் போகிறது. அதை அடைத்தால் ஒரே ஸ்விட்சில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்கள்கூடப் பேசிக்கொள்ளாது.